ஓசி மைதானம்

'ஓசி' என்ற சொல்லுக்கு ஒரு கதை சொல்வார்கள். கிழக்கிந்தியக் கம்பெனி தன் அலுவல் கடிதங்களைத் தபால் கட்டணம் இல்லாமல் அனுப்பிக்கொள்ள உறையின் மேல் இரண்டு ஆங்கில எழுத்துகளைப் போட்டதாம். அவைதான் தமிழுக்குள் வந்து ஓசியாகிவிட்டனவாம். கதை எவ்வளவு தூரம் உண்மையோ, அதிலுள்ள குறும்பு எனக்குப் பிடிக்கும். கட்டணம் கட்டாமல் போன முதல் ஆள் ஒரு கம்பெனி.

இன்று அந்தச் சொல் யார் மேல் விழுகிறது? 2021 மே மாதம் சாதாரணக் கட்டண நகரப் பேருந்துகளில் பெண்கள் கட்டணமின்றிப் பயணம் செய்யலாம் என்று அரசு ஆணை வந்தது. அதற்கடுத்த ஆண்டே, அப்போது அமைச்சராக இருந்த பொன்முடி மேடையில் அந்தப் பயணத்தை ஓசி என்றார். கண்டனம் எழுந்தது, அது அடங்கியும் போனது. சொல் மட்டும் பேருந்துக்குள் தங்கிவிட்டது. தாம்பரம்–வேளச்சேரி சாலையில் பிங்க் நிறம் பூசிய பேருந்தில் ஏறும் என் மாணவிகள் பக்கத்து இருக்கைகளிலிருந்து அதை வாரம் ஒருமுறையாவது கேட்கிறார்கள். 2023 செப்டம்பரில் மாதம் 1,000 ரூபாய் மகளிர் உரிமைத்தொகை தொடங்கியபோது ராஜகீழ்ப்பாக்கத்துத் தேநீர்க்கடைகளில் திடீரென்று நிறையப் பொருளாதார அறிஞர்கள் முளைத்தார்கள். இப்படி வாரிக் கொடுத்தால் மாநிலம் திவாலாகிவிடும் என்றார்கள். இதே அறிஞர்கள் ஏப்ரல், மே மாதங்களில் மஞ்சள் சட்டை போட்டுக்கொண்டு கேம்ப் ரோட்டில் ரயிலுக்கு ஓடுவதையும் நான் பார்க்கிறேன். அவர்கள் போய் உட்காரும் இடம் யாருடையது என்று ஒருமுறை கேட்டுப் பார்த்தேன். "கிரிக்கெட் சங்கத்தோடது" என்றார் ஒருவர். "சிஎஸ்கே கிரவுண்டுங்க" என்றார் இன்னொருவர்.

இரண்டு பதிலும் தவறு. சேப்பாக்கம் மைதானம் இருப்பது அரசு நிலத்தில். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கம் அங்கே குத்தகைதாரர். மெரினாவுக்கு நடந்து போகும் தூரம், வாலாஜா சாலை ஒருபுறம், பக்கிங்ஹாம் கால்வாயும் பறக்கும் ரயிலும் ஒருபுறம். ராஜகீழ்ப்பாக்கத்தில் அரை கிரவுண்டு மனை வாங்கவே ஒரு பள்ளி ஆசிரியை ஓய்வு பெறும்வரை தவணை கட்ட வேண்டியிருக்கிறது. சேப்பாக்கத்து ஏக்கர்கள் என்ன விலை பெறும் என்று நீங்களே எண்ணிப் பாருங்கள். அந்த நிலத்துக்கு என்ன வாடகை என்பதில் அரசுக்கும் சங்கத்துக்கும் நெடுங்காலம் இழுபறி நடந்தது. 2011-ல் எழுப்பிய புதிய பார்வையாளர் மாடங்களில் மூன்று, கட்டட அனுமதித் தகராறில் பல ஆண்டுகள் பூட்டிக் கிடந்தன. அது நீதிமன்றங்களுக்குப் போய், இடிப்பில் முடிந்து, 2023 மார்ச்சில் முதலமைச்சர் புதிய மாடத்தைத் திறந்து வைத்தார்.

கட்டடச் செலவு எங்களுடையது, அரசுப் பணம் ஒரு ரூபாய்கூட இல்லை என்று இத்தகைய சங்கங்கள் சொல்வதுண்டு. இருக்கட்டும். அமெரிக்காவில் மைதானத்துக்குப் பொதுப்பணம் கொடுப்பது என்றால் காசோலையாகவே கொடுத்துவிடுகிறார்கள். நியூயார்க் மாநிலத்துப் பஃபலோ நகரில் ஒரு கால்பந்து அணிக்குப் புதிய அரங்கம் கட்ட 2022-ல் மாநில அரசு 60 கோடி டாலரும் மாவட்ட நிர்வாகம் 25 கோடி டாலரும் ஒதுக்கின. அணியின் உரிமையாளர் பெரும் கோடீசுவரர். குறைந்தபட்சம் அங்கே தொகை தெரிகிறது, அதை வைத்துச் சண்டை போடலாம். நம் ஊரில் பொதுப்பணம் நிலமாகப் போகிறது. நிலம் பட்ஜெட் உரையில் வராது. பேருந்துச் சலுகைக்கு எத்தனை கோடி என்று ஆண்டுதோறும் சட்டமன்றத்தில் வாசிக்கப்படுகிறது, மறுநாள் நாளிதழில் கட்டம் கட்டி வருகிறது. மைதானத்து நிலத்தின் சந்தை வாடகைக்கும் வாங்கிய வாடகைக்கும் இடையிலான தொகையை யாரும் கட்டம் கட்டுவதில்லை. மானியம் என்பது அந்த இடைவெளிதான். பெண் வாங்கினால் அதன் பெயர் ஓசி. சங்கம் வாங்கினால் அதன் பெயர் குத்தகை.

அந்த நிலத்தில் ஆடும் அணியின் உரிமைக்கு வருவோம். இந்தியக் கிரிக்கெட் கட்டுப்பாட்டு வாரியம் மும்பையிலிருந்து இயங்கினாலும், பதிவாகியிருப்பது தமிழ்நாடு சங்கங்கள் பதிவுச் சட்டத்தின் கீழ். சட்டத்தின் கண்ணுக்கு அது நம் மாநிலத்துச் சங்கம். நம் தெருக் குடியிருப்போர் நலச் சங்கத்தைப் போல. அதன் விதிகளில் நிர்வாகிகள் வாரியத்தின் போட்டிகளில் வணிக ஆர்வம் வைத்திருக்கக் கூடாது என்று ஒரு பிரிவு இருந்தது. 2008-ல் ஐபிஎல் தொடங்கியபோது இந்தியா சிமெண்ட்ஸ் நிறுவனம் சென்னை அணியை 9.1 கோடி டாலருக்கு ஏலம் எடுத்தது. அதன் நிர்வாக இயக்குநர் என். சீனிவாசன் தமிழ்நாடு சங்கத்தின் தலைவர், வாரியத்தின் பொறுப்பாளர். அதே ஆண்டு விதி திருத்தப்பட்டது, ஐபிஎல்லுக்கு மட்டும் விலக்கு. 6.2.4 என்ற எண் கொண்ட அந்தத் திருத்தம் செல்லாது என்று 2015 ஜனவரி 22-ல் உச்ச நீதிமன்றம் சொல்வதற்கு ஆறு ஆண்டுகளுக்கு மேல் ஆயின. சூதாட்ட விவகாரத்தை அவர் மூடி மறைத்தார் என்ற குற்றச்சாட்டை நீதிமன்றம் ஏற்கவில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். அணி உரிமையும் வாரியப் பதவியும் ஒரே கையில் இருக்கக் கூடாது என்பதுதான் தீர்ப்பின் மையம். அவருடைய மருமகன் குருநாத் மெய்யப்பனுக்கு வாழ்நாள் தடையும், சென்னை அணிக்கு இரண்டு ஆண்டுத் தடையும் லோதா குழு வழியாக 2015 ஜூலையில் வந்தன. அணி இப்போது தனி நிறுவனமாகிவிட்டது. சிமெண்ட் நிறுவனமே கை மாறிவிட்டது.

இதெல்லாம் ஆண்களின் சண்டை, நமக்கென்ன என்று பெண்ணியத் தோழி ஒருவர் என்னிடம் கேட்டார். கார்ப்பரேட் கிரிக்கெட்டில் பெண்ணுக்குப் பங்கு கேட்பது சுரண்டலில் பங்கு கேட்பதுதானே என்றார். அவருக்கு 2019 செப்டம்பரை நினைவூட்டினேன். தமிழ்நாடு கிரிக்கெட் சங்கத்தின் தலைவராக ரூபா குருநாத் போட்டியின்றித் தேர்வானார். நாட்டிலேயே ஒரு மாநிலக் கிரிக்கெட் சங்கத்தின் தலைவரான முதல் பெண். வாழ்த்துச் செய்திகள் குவிந்தன. அவர் சீனிவாசனின் மகள், குருநாத் மெய்யப்பனின் மனைவி, இந்தியா சிமெண்ட்ஸின் முழுநேர இயக்குநர். 2021-ல் வாரியத்தின் நெறிமுறை அதிகாரி, முன்னாள் நீதிபதி டி.கே. ஜெயின், அவர் இரட்டை நலன் கொண்டவர் என்று தீர்ப்பளித்தார். ஆண்டின் இறுதியில் அவர் பதவி விலகினார். அவருடைய திறமையைப் பற்றி எனக்கு எந்தப் புகாரும் இல்லை. ஒரு பெண் நாற்காலியில் அமர்ந்ததும் நாம் கைதட்டிக் கலைந்துவிடுகிறோமே, அதுதான் என் புகார். நாற்காலியின் கீழே இருக்கும் நிலம் யாருடையது என்று கேட்க மறந்துவிடுகிறோம். உடைமை பற்றிப் பேசாத பெண் பிரதிநிதித்துவம் குடும்பச் சொத்தில் பெயர் மாற்றம் செய்வதைப் போன்றது. தோழியின் கேள்விக்கு என் பதில் இதுதான்: சுரண்டலில் நான் பங்கு கேட்கவில்லை. என் நிலத்துக்குக் கணக்குக் கேட்கிறேன்.

அந்த நிலத்தில் பெண்கள் ஆடாமலில்லை. 2024 ஜூன் 28-ல் தொடங்கி நான்கு நாள் சேப்பாக்கத்தில் இந்தியா–தென்னாப்பிரிக்கா பெண்கள் டெஸ்ட் நடந்தது. ஷபாலி வர்மா 205, ஸ்மிருதி மந்தனா 149. இந்தியா 6 விக்கெட்டுக்கு 603. பெண்கள் டெஸ்டில் அதுவரை யாரும் எட்டாத எண்ணிக்கை. சினேக ராணா போட்டியில் 10 விக்கெட் எடுத்தார். மறுநாள் வகுப்பில் கேட்டேன். அறுபது பேரில் இருவருக்குத்தான் அப்படியொரு போட்டி நடந்ததே தெரிந்திருந்தது. ஐபிஎல் அட்டவணை எல்லோருக்கும் மனப்பாடம்.

2023-ல் பெண்கள் பிரிமியர் லீக்குக்கு ஐந்து அணிகள் மொத்தம் 4,669.99 கோடி ரூபாய்க்கு விற்கப்பட்டன. மும்பை, டெல்லி, பெங்களூரு, அகமதாபாத், லக்னோ. சென்னை அதில் இல்லை. ஐந்து முறை ஐபிஎல் வென்ற நகரம், 'விசில் போடு' என்று ஊரையே ஊதவைத்த நகரம், பெண்கள் அணி ஒன்று இல்லாமல் இருக்கிறது. தனியார் நிறுவனம் எதில் முதலீடு செய்ய வேண்டும் என்று நான் சொல்ல முடியாது. ஆனால் பொது நிலத்தைக் குத்தகைக்குக் கொடுக்கும் அரசு சொல்லலாமே. இந்த ஆடுகளத்தில் ஆண்கள் அணி ஆட வேண்டுமானால் பெண்கள் அணியும் பெண்கள் பயிற்சியும் இருக்க வேண்டும் என்று குத்தகை ஒப்பந்தத்தில் ஒரு வரி எழுத என்ன தடை?

கூட்டம் வராது என்பார்கள். இந்த வாதம் எனக்குப் பழக்கமானது. பெண்கள் எழுதினால் யார் படிப்பார்கள் என்று பதிப்பாளர்கள் கேட்ட காலம் ஒன்று இருந்தது. அதற்குப் பதில் சொல்லும் வேலையில்தான் இந்தத் தொகுப்பைப் போன்ற நூல்கள் உருவாயின. ஆண்கள் கிரிக்கெட்டுக்குக் கூட்டம் தானாக வந்துவிடவில்லை. பல பத்தாண்டுகள் அரசு நிலம், அரசு வானொலி, அரசுத் தொலைக்காட்சி, டெஸ்ட் போட்டிக்கு விடுப்பு எடுத்த அரசு ஊழியர்கள் எல்லாம் சேர்ந்து வளர்த்த கூட்டம் அது. பெண்கள் கிரிக்கெட்டை வாரியம் தன் நிர்வாகத்தில் சேர்த்துக்கொண்டதே 2006-ல்தான். இருந்தும் 2025 நவம்பர் 2-ல் நவி மும்பையில் ஹர்மன்பிரீத் கவுரின் அணி உலகக் கோப்பையைத் தூக்கியபோது அரங்கில் இடமில்லை. அந்த உலகக் கோப்பையின் ஒரு போட்டிகூடச் சேப்பாக்கத்துக்கு வரவில்லை. வென்ற அணியில் தமிழ்நாட்டுப் பெண் ஒருவரும் இல்லை.

அரசே நேரடியாகக் கட்டும்போது நிலைமை மாறுகிறதா? 2024 ஜனவரி 24-ல் அலங்காநல்லூர் அருகே கீழக்கரையில் கலைஞர் நூற்றாண்டு ஏறுதழுவுதல் அரங்கம் திறக்கப்பட்டது. 62 கோடி ரூபாய்க்கும் மேல் பொதுப்பணம். முல்லைக்கலியைப் பாடம் நடத்துகிறவள் என்ற முறையில் எனக்கு அந்த விளையாட்டின் தொன்மை பற்றி யாரும் வகுப்பெடுக்க வேண்டியதில்லை. அங்கே பெண்கள் பரண் மேலிருந்து பார்த்தார்கள். ஈராயிரம் ஆண்டுக்குப் பிறகு பரண் கான்கிரீட்டாகியிருக்கிறது. மதுரைப் பக்கத்தில் பல வீடுகளில் காளையைக் குளிப்பாட்டி, பருத்திக்கொட்டை ஆட்டி ஊட்டி, நடைபழக்கி வளர்ப்பவர்கள் பெண்கள். வாடிவாசலுக்கு வெளியே கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் அந்தப் பெண்களைத் தொலைக்காட்சி ஆண்டுக்கு ஒருமுறை காட்டும். காளையைப் பிடிக்கும் உரிமை வேண்டும் என்று நான் கேட்கவில்லை (கேட்கிறவர்களைத் தடுக்கவும் மாட்டேன்). அரங்கம் மற்ற மாதங்களில் யாருக்குத் திறந்திருக்கும், அந்த ஊர்ப் பள்ளிச் சிறுமிகளுக்கு அங்கே ஓட ஒரு தடம் உண்டா என்பதைக் கட்டும் முன்பே எழுதி வைத்திருக்க வேண்டும் என்கிறேன். கோவை ஒண்டிப்புதூரில் திறந்தவெளிச் சிறை நிலத்தில் சர்வதேச கிரிக்கெட் மைதானம் வரப் போகிறது என்று 2024 தேர்தல் நேரத்தில் அறிவித்தார்கள். அதற்கும் இதே கேள்விதான். கட்டி முடித்த பிறகு கேட்டால் பயனில்லை.

இப்போது எங்கள் தெற்குப் புறநகர். செம்மஞ்சேரியில் நூறு ஏக்கர் அளவில் உலகத் தரமான விளையாட்டு நகரம் என்பது அரசின் திட்டம். செம்மஞ்சேரி, கண்ணகி நகர், பெரும்பாக்கம் ஆகிய பெயர்களைச் சென்னைக்காரர்கள் எதற்காக அறிவார்கள்? நகரின் நடுவிலிருந்து, கூவக்கரையிலிருந்து, கடற்கரைக் குப்பங்களிலிருந்து அகற்றப்பட்ட குடும்பங்களைக் கொண்டுபோய் இறக்கிய இடங்கள் அவை. அழகுபடுத்தவும் பெரிய திட்டங்களுக்கும் நிலம் தேவைப்பட்டபோதெல்லாம் முதலில் நகர்த்தப்பட்டவர்கள் அவர்கள். வீட்டு வேலைக்குப் போய்வரும் தூரம் கூடியதால் வேலையை இழந்த பெண்கள் அந்தக் குடியிருப்புகளில் மாடிக்கு மாடி இருக்கிறார்கள். அந்தக் கண்ணகி நகரில் பயிற்சி பெற்ற கார்த்திகா, 2025 அக்டோபரில் பஹ்ரைனில் நடந்த ஆசிய இளையோர் விளையாட்டில் தங்கம் வென்ற இந்தியக் கபடி அணியின் துணைத் தலைவர். அரசு 25 லட்சம் ரூபாய் பரிசளித்தது, நல்ல காரியம். அவரும் அவரோடு ஆடிய சிறுமிகளும் ஆடிப் பழகிய இடம் குடியிருப்பு நடுவிலுள்ள பூங்காத் திடல். தங்கம் வந்த பிறகு வருகிற கவனம், தங்கத்துக்கு முன்னால் வர வேண்டிய விளக்குக்கும் கழிப்பறைக்கும் ஈடாகாது. விளையாட்டு நகரம் எழும்பும்போது அதன் வாசலில் நுழைவுக் கட்டணம் எழுதும் கை, பேருந்தில் ஓசி என்று சொன்ன வாயின் உறவுக்காரனாக இருந்துவிடக் கூடாது.

ராஜகீழ்ப்பாக்கத்துக்கு உலகத் தரம் எதுவும் வேண்டாம். இருக்கிற திடல்களில் விடிகாலையில் கிரிக்கெட், மாலையில் கிரிக்கெட், ஞாயிறு முழுக்க டோர்னமெண்ட். மேடவாக்கம் வரைக்கும் சாலையோரம் செயற்கைப் புல் விரித்த டர்ஃப்கள் முளைத்திருக்கின்றன. மணிக்கு இவ்வளவு என்று வாடகை. வேலைக்குப் போகும் இளைஞர்கள் ஆளுக்கு நூறு, இருநூறு போட்டு இரவு பதினோரு மணிவரை ஆடுகிறார்கள். எந்த வீட்டில் மகளுக்கு அந்த நூறு ரூபாய் கிடைக்கும், அந்த நேரத்துக்கு அனுமதி கிடைக்கும்?

சங்க இலக்கியத்தில் ஓரை என்று ஒரு விளையாட்டு வரும். மணலில், நீர்க்கரையில், தோழியர் கூட்டத்தோடு பெண்பிள்ளைகள் ஆடுவது. பந்தும் கழங்கும் அவர்களுடையவையே. பிறகு ஒருநாள் இற்செறிப்பு. உடல் வளர்ந்ததைத் தாய் கவனிக்கிறாள், பெண் வீட்டுக்குள் வைக்கப்படுகிறாள், ஓரை ஆயம் அவளில்லாமல் ஆடுகிறது. தேர்வுக்குப் படிக்கும் மாணவிகள் இதை அகத்துறை என்று மனப்பாடம் செய்கிறார்கள். நான் அவர்களிடம், உங்கள் தெருவில் எந்த வயதுவரை பெண்பிள்ளைகள் மைதானத்தில் இருக்கிறார்கள் என்று எண்ணி எழுதிவரச் சொல்கிறேன். பெரும்பாலும் ஏழாம் வகுப்போடு நின்றுவிடுகிறது. இற்செறிப்பு செய்வது அம்மா மட்டும்தானா? கழிப்பறை இல்லாத திடல் செய்கிறது. ஆறரைக்கு அணையும் விளக்கு செய்கிறது. "பொண்ணுங்க ஓரமா ஆடிக்கோங்க" என்று சொல்லும் அண்ணன்மார் செய்கிறார்கள். கெட்டவர்கள் இல்லை, பந்து பட்டுவிடும் என்ற அக்கறையில்தான் சொல்கிறார்கள். ஷில்பா பட்கே, சமீரா கான், ஷில்பா ரானடே ஆகிய மூவரும் மும்பைத் தெருக்களை ஆராய்ந்து 2011-ல் வெளியிட்ட நூலில் பெண்கள் காரணமில்லாமல் பொதுவெளியில் இருப்பதை உரிமையாகக் கேட்டார்கள். எங்கள் ஊரில் காரணத்தோடு, கையில் ஒரு மட்டையோடு போனாலே இடமில்லை.

கணக்குக் கேட்கச் சட்டத்தில் வழி உண்டா? வாரியம் தகவல் அறியும் உரிமைச் சட்டத்துக்கு உட்பட்டது என்று 2018-ல் மத்தியத் தகவல் ஆணையம் சொன்னது. அந்த உத்தரவுக்குச் சென்னை உயர் நீதிமன்றம் தடை விதித்தது. 2025 ஆகஸ்டில் நாடாளுமன்றம் தேசிய விளையாட்டு நிர்வாகச் சட்டத்தை நிறைவேற்றியது. மசோதாவின் முதல் வடிவில் அங்கீகாரம் பெற்ற எல்லா விளையாட்டு அமைப்புகளும் தகவல் உரிமைக்குள் வந்தன. பிறகு, அரசு மானியமோ நிதியுதவியோ பெறும் அமைப்புகள் மட்டும் என்று குறுக்கினார்கள். நாங்கள்தான் அரசுப் பணம் வாங்குவதில்லையே என்று பணக்கார வாரியம் விலகி நிற்பதற்கு வசதியான திருத்தம். அப்படியென்றால் நிலம் என்ன? சந்தை விலைக்குக் குறைவாகக் கிடைக்கும் ஏக்கர்கள், போட்டி நாளில் சாலையடைத்து நிற்கும் காவல் துறை, கூடுதல் ரயில், குடிநீர் இவையெல்லாம் உதவி இல்லையா? இந்தக் கேள்வியை நீதிமன்றத்தில் வைத்து வாதாட வேண்டியவர்களில் சட்டம் படிக்கும் என் வாசகிகளும் இருக்கிறார்கள்.

உடைமையை வேறு விதமாகவும் வைத்துக்கொள்ள முடியும். ஜெர்மனியில் சில விதிவிலக்குகள் தவிர, கால்பந்து அணிகளின் வாக்குரிமையில் பாதிக்கு மேல் உறுப்பினர்களிடம் இருக்க வேண்டும் என்பது விதி. ஒரு தொழிலதிபர் எவ்வளவு கொட்டினாலும் மன்றத்தை முழுதாக வாங்க முடியாது. அங்கேயும் ஆண்களின் கூட்டம்தான் அதிகம் என்பது எனக்குத் தெரியும். ஆனால் உறுப்பினர் சீட்டு வாங்கிய பெண்ணுக்கு ஒரு வாக்கு உண்டு. மஞ்சள் சட்டை வாங்கிய நமக்கு என்ன உண்டு?

தாம்பரம் மாநகராட்சி 2021-ல் உருவானது. எங்கள் பகுதியை உள்ளடக்கிய செம்பாக்கம் நகராட்சியும் அதில் சேர்ந்தது. 70 வார்டுகள். தமிழ்நாட்டு உள்ளாட்சிகளில் பாதி இடம் பெண்களுக்கு என்பது சட்டம். முதல் மேயர் வசந்தகுமாரி கமலக்கண்ணன், ஒரு தலித் பெண். கையில் அதிகாரம் இருக்கும் பெண்களிடம் கேட்பதற்கு ஒரு குறிப்பிட்ட கோரிக்கை வேண்டும் என்பதால் எங்கள் தெருவிலும் பக்கத்துத் தெருக்களிலும் உள்ள பெண்கள் சிலர் சேர்ந்து ஒரு மனு எழுதிக்கொண்டிருக்கிறோம். பொதுத் திடல்களில் பாதி நேரம் பெண்களுக்கு என்பது முதல் வரி. அதில் சண்டை இல்லை. எந்தப் பாதி என்பதில்தான் மூன்று ஞாயிற்றுக்கிழமைகள் போய்விட்டன. காலை ஆறு மணி பாதுகாப்பு என்றார்கள் சில அம்மாக்கள். காலை ஆறு மணிக்கு அடுப்பு யார் பற்றவைப்பது என்று கேட்டார் இட்லிக்கடை வைத்திருக்கும் ஒரு அக்கா. மாணவிகள் மாலைதான் வேண்டும் என்று ஒரே பிடி. ஆண்கள் அலுவலகம் முடிந்து வரும் நேரமாயிற்றே என்றார் ஒருவர். நாங்களும் அலுவலகம் முடிந்துதானே வருகிறோம் என்று பதில் வந்தது.

மாலை ஆறிலிருந்து எட்டு என்று எழுதியிருக்கிறோம். விளக்குக்கும் கழிப்பறைக்கும் ஆகும் செலவை அதே மனுவில் தனிப் பத்தியாகச் சேர்த்திருக்கிறோம்.